ஏழு நாளில் ஒரு மணி நேரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று காலை ஒன்பதேகாலுக்குத் திருப்பூரில் உலகம் சுற்றுவது நின்றுபோனது. ஒன்பதே முக்காலுக்கு டீக்கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியில் வடையைத் திருப்பிப் போட்டார், அந்த உந்துதலில் மறுபடி சுற்றத் தொடங்கியது. இடைப்பட்ட அரை மணி நேரமும் நான் எங்கள் பனியன் கம்பெனி கேட்டின் முன்னால் நின்றிருந்தேன்.

“அடுத்த திங்கக்கெழம வந்து பாருங்கண்ணா,” என்றார் வாட்ச்மேன். இதே வசனத்தை ஒன்பதாவது திங்கட்கிழமையாகச் சொல்கிறார். கடல் தாண்டி எவனோ வரியை ஏற்றிவிட்டானாம். அதனால் ஆர்டர் நின்று, மெஷின் நின்று, நானும் கேட்டில் நிற்கிறேன்.

வேலையை விட்டு நீக்கிவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. இந்த ஊரில் யாரையும் நீக்குவதே கிடையாது. திங்கட்கிழமை வரச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆகவே இந்த நாட்குறிப்பைப் பிற்காலத்தில் தோண்டியெடுக்கும் சரித்திர ஆசிரியர்கள் ஒன்றைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளவும்: கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்துவை, வயது ஐம்பத்து நாலு, கம்பெனி வீட்டுக்கு அனுப்பவில்லை. கம்பெனிக்கு அவர்தான் சற்று ஓய்வு கொடுத்திருக்கிறார்.

இருபத்தாறு வருஷமாக நூறு மடிப்புத் துணியை அடுக்கி, கத்தி மெஷினை ஓட்டி, ஒரு நூல் பிசகாமல் வெட்டியவன் நான். என் கையால் வெட்டிய துணியையெல்லாம் முடிச்சுப் போட்டால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு கொடி கட்டிக் காயப்போட்டுவிட்டு, மிச்சத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி வரலாம்.

தங்கை சம்பூர்ணம் வழக்கம்போல டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள். பார்க்கில் உட்கார்ந்து சாப்பிட்டேன். காக்காய்க்கும் வேலை இல்லை போலிருக்கிறது, கூடவே உட்கார்ந்திருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

நாட்டின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் மாபெரும் பொறுப்பு இன்று என் தோளில் விழுந்தது. ஓர் ஆய்வு நிறுவனம் வேலையில்லாதவர்களை எண்ணுகிறதாம். எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் தவித்து, கடைசியில் என் காலில் விழுந்தார்கள். (சரி, சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நான்தான் போனேன்.)

சூப்பர்வைசர் ஜெனிபர் மேடத்துக்கு இருபத்தாறு வயதிருக்கும். அந்தப் பெண் கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் கையில் ஒரு டேப்லெட்டும் கொடுத்து, அரை நாளில் பயிற்சியை முடித்துவிட்டது.

“அங்கிள், ரெண்டே ரெண்டு விஷயம் மறக்கக் கூடாது. ஒண்ணு, போன ஏழு நாள்ல ஒரு மணி நேரம் வேலை செஞ்சிருந்தாக்கூட அவர் வேலையில இருக்கிறவர்.”

“ஒரு மணி நேரமா? ஒரு நாள்லயா?”

“ஏழு நாள்ல அங்கிள்.”

“அதுக்குச் சம்பளமும் வேணாமா?”

“பணமோ பொருளோ ஏதோ ஒண்ணு. ஏன் அங்கிள் இவ்வளவு அதிர்ச்சியாகறீங்க?”

இரண்டாவது விஷயம், வீட்டில் கேட்டதை வீட்டு வாசலைத் தாண்டிச் சொல்லக் கூடாது. அதற்குக் கையெழுத்து வாங்கினார்கள். ஊர் ரகசியங்களை அரை மணி நேரத்தில் ஆறு தெருவுக்குக் கொண்டுபோகும் என்னிடமா! கங்கையிடம் போய், நீ ஓடக் கூடாது என்று எழுதி வாங்குவது மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சம்பூர்ணத்திடம் சொல்லவில்லை. அவளுக்கு இருக்கிற வேலையில் இதெல்லாம் எதற்கு? அட்டையையும் டேப்லெட்டையும் சலூன்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

திருப்பூரில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் இறங்கினால் கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டு போய் நாலு கடை தள்ளி இறக்கிவிடும். ஒரு தடவை செருப்பில்லாமல் இறங்கி, வேறு யாருடையதோ செருப்போடு வீடு வந்து சேர்ந்திருக்கிறேன்.

இன்று அதே தெருவில் நடந்தேன். என் நிழலுக்கு மட்டும் என்னை இடித்துக்கொண்டு வர வேண்டிய கட்டாயம் இருந்தது. பானிபூரிக்காரர் தன் பூரியைத் தானே தின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வீடு ‘வாடகைக்கு விடப்படும்’ அட்டை. ரயில் நிலையம் பக்கம் வடக்கத்திப் பையன்கள் வரிசையாக நின்றார்கள், ஆளுக்கு ஒரு பை, ஆளுக்கு ஒரு டேபிள் ஃபேன். பீகாருக்குப் போகிற ரயிலில் இத்தனை ஃபேனையும் ஒரே நேரத்தில் போட்டால் ரயில் பறந்தே போய்விடும். அந்தப் பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. சொல்லிப் பார்த்தேன்.

சலூன்காரர் சொன்னார்: “கம்பெனிக்குப் போனாத்தானுங்க சேவிங் பண்ணுவாங்க. இப்ப எல்லாரும் சாமியாராயிட்டாங்க.”

ஆகஸ்ட் 11, திங்கள்

பத்தாவது திங்கள். வாட்ச்மேன் இன்று வாயைத் திறக்கவில்லை. கையை ஆட்டினார்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று எழுத்து கோணல்மாணலாக வந்தால் சரித்திர ஆசிரியர்கள் மன்னிக்கவும்.

டேப்லெட் தானாகவே வீடுகளைப் பொறுக்கிக் கொடுக்கும். நாம் மாற்ற முடியாது. இன்று பதினோரு மணிக்கு அது சொன்ன வீட்டுக் கதவைத் தட்டினேன். லுங்கி கட்டி, கையில் ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடு வந்து கதவைத் திறந்தவன் யார்? தரணிதரன்!

தரணி யார் என்று சொல்லிவிடுகிறேன். சம்பூர்ணத்தின் மகள் யமுனாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. பார்த்தவன் நானே. ‘என்னைப் போலக் கட்டிங் மாஸ்டர், என்னைவிட நல்லவன், என் அளவுக்கு மட்டும் அழகில்லை’ என்று வைகாசியில் நானேதான் சம்பூர்ணத்திடம் சொன்னேன். வருகிற முப்பத்தொன்றாம் தேதி நிச்சயம். அவன் வேறொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெட்டிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் என் கழுத்து அட்டையைப் பார்த்தான். அந்த ஒரு நிமிஷத்தில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்திருக்க வேண்டும், பத்திரிகையில் பார்க்க வேண்டும்.

“மாமா, நீங்க... கம்பெனிக்குப் போகலீங்களா?”

“நான் தேசப் பணியில இருக்கேன். நீ போகலியா?”

“திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காங்க மாமா.”

“எத்தனை திங்கக்கெழமையா?”

“எட்டு.”

ஃபார்ம் ஃபார்ம்தானே? உட்கார்ந்தேன். கேள்வியைக் கேட்டேன். போன ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது?

“பக்கத்து மெஸ்ஸுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுக்கறேனுங்க. மத்தியானச் சாப்பாடு தருவாங்க.”

டேப்லெட்டில் தட்டினேன். ‘வேலையில் உள்ளார்’ என்று பச்சை விளக்கு எரிந்தது. பிரமித்துப் போனேன். இந்தக் கருவி பிரம்மதேவனையும் மிஞ்சிவிட்டது. ஒரு முறம் வெங்காயத்தில் ஓர் ஆளை வேலையில் சேர்த்துவிட்டதே!

கிளம்பும்போது தரணி வாசல் வரை வந்தான். “மாமா, அத்தைகிட்ட...”

“கையெழுத்துப் போட்டிருக்கேன்டா. சொல்ல மாட்டேன்.”

“நானும் சொல்ல மாட்டேனுங்க மாமா,” என்றான்.

அவன் எதைச் சொல்ல மாட்டேன் என்கிறான் என்பது எனக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வாய் வலிக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சம்பூர்ணம் வீட்டு முன்னறையில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். மச்சான் போன பிறகு யமுனாவை வளர்த்தது அந்தக் கடைதான். கல்யாணமாகாத இந்த அண்ணனுக்கு மாடி அறையும் கொடுத்து வைத்திருக்கிறாள். தினம் முந்நூறு இட்லி போகும். இன்று அடுப்பில் நூறுதான் வெந்தது.

“ஏண்ணா, ஊருல எல்லாருக்கும் பசியே நின்னு போச்சா?”

நான் பொருளாதாரப் பேருரையைத் தொடங்கினேன். “கேளு அம்மிணி. அமெரிக்காவுல ஒருத்தன் புதுப் பனியன் வாங்கலைன்னு வெச்சுக்க. இங்க தையல்காரனுக்கு வேலை இல்லை. அவன் நாலு இட்லிக்குப் பதிலா ரெண்டு தின்பான். நீ உளுந்து கொறைப்ப. உளுந்துக்காரன் மகளுக்குப் பாவாடை எடுக்க மாட்டான். பாவாடைக்காரன் வீட்டுக்கு வெள்ளையடிக்க மாட்டான். இப்படியே போயி, கடைசியில சந்திரனுக்கே வெளிச்சம் கொறைஞ்சு போகும்.”

“சந்திரன் கெடக்கட்டும். நேத்து சரோஜாவ நிக்கச் சொல்லிட்டேன்.”

சரோஜா பதினொரு வருஷமாக மாவாட்டி, பாத்திரம் கழுவிக் கொடுப்பவள்.

“என்னன்னு சொன்ன?”

“என்னன்னு சொல்றது? கொஞ்ச நாள் கழிச்சு வந்து பாருன்னேன்.”

என் பேருரை அந்த இடத்தில் முடிந்துபோனது. வாட்ச்மேன் சொல்லும் இதே வார்த்தையை என் தங்கை வாயால் கேட்பேன் என்று நினைக்கவே இல்லை.

அவள் கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நல்லவேளை, உனக்கும் தரணிக்கும் வேலை ஓடுது. உங்க ரெண்டு பேரையும் நம்பித்தான் இந்தக் கல்யாணத்துல கால வெச்சிருக்கேன். இல்லீன்னா எம் புள்ளைய இந்த வருசம் குடுக்கவே மாட்டேன். நாம் பட்டது போதும்.”

ஆகஸ்ட் 21, வியாழன்

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். “அம்மிணி, நிச்சயத்தத் தை மாசம் வெச்சா என்ன? கெரக நிலையில செவ்வாய் கொஞ்சம் மொறைக்கிறார்.”

“உனக்கெப்பத்திலிருந்து ஜோசியம் தெரியும்?”

“சின்ன வயசுல கத்துக்கிட்டேன்.”

“சின்ன வயசுல நீ கத்துக்கிட்டது சுவரேறிக் குதிக்கறது மட்டுந்தான்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜாடை தோற்றது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கணக்கு முடிந்தது. நூற்று நாற்பத்தாறு வீடு ஏறி இறங்கினேன். பட்டப்பகலில் ஆம்பளைகள் வீட்டில் உட்கார்ந்து கதவு திறந்த காட்சியை மட்டும் எழுதினால் இந்த நோட்டு கட்டில் உயரத்துக்கு வரும். ஒருவர் பட்டன் இல்லாத சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர், என்னைக் கண்டதும் அவசர அவசரமாகக் கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

“மேடம், நம்ம ஏரியாவுல வேலையில்லாதவங்க எத்தனை பேர் வந்துது?”

ஜெனிபர் மேடம் திரையைப் பார்த்தது. “மூணு.”

“மூணு நூறா?”

“மூணு பேர் அங்கிள்.”

எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. “ஏம்மா, நான் என் ரெண்டு கண்ணால பாத்தேனே! தெருவுக்கு மூணு பேர் திண்டாடறாங்களே!”

“சிலர் ஒரு மணி நேரம் ஏதாவது செஞ்சிருக்காங்க, அவங்க வேலையில இருக்காங்க. சிலர் வேலை தேடறதையே விட்டுட்டாங்க, அவங்க கணக்குலயே வர மாட்டாங்க. சிலரைக் கம்பெனி திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கு. அவங்க தற்காலிகமா வரலைன்னு அர்த்தம். விதி அப்படித்தான் அங்கிள்.” பிறகு திரையை மூடிவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னது: “எனக்கும் இன்னிக்குத்தான் கடைசி நாள். ப்ராஜெக்ட் முடிஞ்சுது. அடுத்தது வந்தா கூப்பிடறோம்னு சொல்லியிருக்காங்க.”

அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணும் தன் அட்டையைக் கழற்றியது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. தட்டிலிருந்து தொடங்குகிறேன்.

நிச்சயத்துக்கு எங்கள் பக்கம் உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்வது வழக்கம். இரண்டு வீட்டாரும் தட்டில் உப்பும் சர்க்கரையும் வைத்துக் கைமாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு யாரும் பின்வாங்கக் கூடாது. மாற்றுவதற்கு முன்னால் பெண்ணின் தாய்மாமன் எழுந்து, மாப்பிள்ளை இன்னார், இன்ன தொழில் என்று சபைக்குச் சொல்ல வேண்டும். அதாவது நான்.

எழுந்தேன். வேட்டியைச் சரிசெய்தேன். “மகா சபைக்கு வணக்கம். மாப்பிள்ளை தரணிதரன். தொழில் என்னவென்று கேட்டால், கட்டிங் மாஸ்டர். பாரிஸ் மாநகரத்துச் சீமாட்டிகள் இவன் வெட்டியதைத்தான்...”

“மாமா, வேணாமுங்க,” என்றது ஒரு குரல்.

தரணி எழுந்து நின்றிருந்தான். பட்டுவேட்டி கட்டியிருந்தவன் சம்பூர்ணத்தைப் பார்த்துச் சொன்னான்: “அத்தை, எனக்கு இப்ப வேலை இல்லீங்க. ஜூன் மாசத்திலிருந்தே இல்லை. உப்ப மாத்தினதுக்கப்புறம் சொன்னா அது ஏமாத்தறது. அதான் இப்பவே சொல்றேன்.”

அவன் அம்மா ருக்குமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சம்பூர்ணம் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அண்ணா. உனக்குத் தெரியுமா?”

நான் வேட்டியை மறுபடி சரிசெய்தேன்.

“உன்னத்தான் கேக்கறேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“கணக்கெடுக்க அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து...”

“கணக்கா? என்ன கணக்கு? என்னிக்குப் போன?”

“ஒரு புதன்கெழமை. பதினோரு மணிக்கு.”

“புதன்கெழமை பதினோரு மணிக்கு நீ கம்பெனியிலயில்ல இருக்கோணும்?”

முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின. வாயைத் திறந்தேன். நிலா, எரிமலை, ஐஸ்லாந்து எதுவும் வரவில்லை.

“எனக்கும் வேலை போயிருச்சு அம்மிணி. மூணு மாசமாச்சு.”

இந்த வாக்கியத்தை இந்த நோட்டில் இப்போதுதான் முதல்தடவை எழுதுகிறேன். இத்தனை சின்ன வாக்கியமா அது!

சம்பூர்ணம் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். யமுனா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். கதவு சாத்தவில்லை, அதனால் எல்லோருக்கும் கேட்டது.

“உனக்குத் தெரியுமாடீ?”

“எனக்கும் இப்பத்தாம்மா தெரியும்.”

“என்ன சொல்ற?”

“சொல்லாமயே மாத்தியிருக்கலாமில்ல. சொன்னாரே.” கொஞ்சம் விட்டு, “மாமாவும் சொல்லியிருக்கலாம்,” என்றாள்.

சம்பூர்ணம் வெளியே வந்து தட்டை நடுவில் வைத்தாள். மாற்றவில்லை. ருக்குமணியிடம் சொன்னாள்: “அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. பொரட்டாசி பொறக்க இன்னும் பதினேழு நாள் இருக்குது. அதுக்குள்ள தம்பிக்கு ஒரு வேலைன்னு ஆச்சுன்னா நானே தட்ட எடுத்துக்கிட்டு உங்க ஊட்டுக்கு வர்றேன். இல்லீன்னா அவங்கவங்க தட்டு அவங்கவங்க ஊட்டோட போகட்டும். ஒரு சம்பளமும் இல்லாம குடும்பம் நடத்தறது எப்படீன்னு எனக்குத் தெரியும். எம் புள்ளைக்குத் தெரிய வேணாம்.”

விருந்து நடந்தது. பாயசம் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

செப்டம்பர் 1, திங்கள்

கம்பெனி கேட்டுக்குப் போகவில்லை.

சம்பூர்ணம் பேசவில்லை. எட்டு மணிக்கு டிபன் பாக்ஸ் படியில் இருந்தது. எடுக்கும்போது மட்டும் கேட்டாள்: “எங்க போற?”

“தரணிய கூட்டிக்கிட்டு வேலை தேட. ரெண்டு பேருக்கும்.”

பாக்ஸைப் பிடுங்கி, இன்னொரு அடுக்கு சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 4, வியாழன்

நாலு நாளில் முப்பத்தொரு கம்பெனி. கொலம்பஸ்கூட ஓர் அமெரிக்காவைத்தான் கண்டுபிடித்தார். நாங்கள் முப்பத்தொரு ‘இல்லை’யைக் கண்டுபிடித்தோம். முப்பத்திரண்டாவது, ஊருக்கு வெளியே உள்நாட்டுச் சந்தைக்கு ஜட்டி பனியன் தைக்கும் சின்ன யூனிட். கடல் தாண்டாத பனியன், அதனால் வரி அதைத் தொடவில்லை.

முதலாளி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். “கட்டிங்குக்கு ஒரு ஆள்தானுங்க வேணும். ரெண்டு பேரும் ஒரு லே வெட்டிக் காட்டுங்க. நல்லா வெட்றவங்க நாளைக்கே வரலாம்.”

லே என்றால் அடுக்கிய துணி. ஆளுக்கு அறுபது மடிப்பு.

தரணி முதலில் வெட்டினான். பையன் பயந்திருந்தான். கைக்குழி வளைவில் ஓரிடத்தில் நூல் அளவு பிசிறு தட்டியது, மற்றபடி சுத்தம். பிறகு நான். மூன்று மாதம் கழித்துக் கத்தி மெஷினைத் தொட்டதும் அது பூனைக்குட்டி மாதிரி உறுமியது. பக்கவாட்டு முடித்தேன், தோள் முடித்தேன். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார். “எத்தன வருசமுங்க அனுபவம்?” என்றார். சொன்னேன். “அதான் பாத்தாலே தெரியுதே,” என்றார்.

இனி கழுத்து வளைவு மட்டும்தான் பாக்கி. தரணி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கத்தி வழுக்கிவிட்டது. அறுபது கழுத்தும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தன. அந்தக் கழுத்துக்குள் யானை தலையை விட்டு வெளியே எடுக்கலாம். துணியை அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய இடது கையை எந்த இடத்தில் எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வயசாகிறதல்லவா.

“என்னங்க பெரியவரே!” என்று முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு தரணியைப் பார்த்து, “தம்பி, காலைல எட்டரைக்கு வந்துரு,” என்றார்.

தரணி என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் ஏறியதும், “மாமா, நீங்க...” என்று ஆரம்பித்தான்.

“டிக்கெட் எடுடா. இனிமே நீ சம்பளக்காரன்,” என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் யமுனா அடுக்களைக்குள் ஓடிப்போனாள். சம்பூர்ணம் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“தரணிக்குக் கெடச்சுது, சரி. உனக்கு?”

“கழுத்து வெட்டையில கத்தி வழுக்கிருச்சு அம்மிணி.”

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“உனக்கா கத்தி வழுக்குச்சு?” என்றாள்.

நான் கை கழுவப் போய்விட்டேன்.